பார்வை வந்த பாதை – 12: பஸ் காசு

சென்ற பகுதியை எழும்பூர் கண் மருத்துவமனையோடு நிறுத்தியிருந்தோம். 1819இல் சென்னையில் தொடங்கப்பட்ட அந்த நிலையம் உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் எலியட். ஊர் சுற்றும் வைத்தியர்கள் கூர்முனையால் கண்ணைக் குத்தி, புரையை உள்ளுக்குள்ளேயே தள்ளிவிட்டுப் போகும் வழக்கத்தை ஆராய்ந்து அவர் தனிப் புத்தகமே எழுதினார். அந்த வைத்தியர்களின் கையில் கண்ணையே பறிகொடுத்தவர்கள் ஏராளம். ஆனாலும் மக்கள் அவர்களை நம்பினார்கள். காரணம், அவர்கள் வீடு தேடி வந்தார்கள். திண்ணையில் உட்கார வைத்து, கொஞ்ச நேரத்தில் வேலையை முடித்து, கூலியை வாங்கிக்கொண்டு, கட்டு அவிழ்வதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். எழும்பூரில் தேர்ந்த கை இருந்தது, சுத்தமான கத்தி இருந்தது. கரிசல் காட்டுக் கிழவி ஒருத்தி அங்கே போய்ச் சேரத்தான் வழி இல்லை.

அந்த வழியைப் போட முயன்றவர்களின் கதை இது. பெரும்பாலும் மதுரையில் நடக்கிறது.

1956இல் மதுரைப் பெரியாஸ்பத்திரியின் கண் பிரிவுக்குத் தலைவராக ஒருவர் வந்தார். அன்று அதன் பெயர் எர்ஸ்கின் மருத்துவமனை. இன்று அரசு இராசாசி மருத்துவமனை. வந்தவர் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கைவிரல்கள் முறுக்கிக்கொண்டு, நீட்டி மடக்க முடியாதபடி இருந்தன. பெயர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் 1918இல் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து, சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் முடித்தவர். உறவுக்காரப் பெண்கள் பிரசவத்தில் செத்துப்போனதைப் பார்த்தவர் என்பதால் மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதுதான் ஆசை. ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தபோது முடக்குவாதம் தாக்கியது. ஓராண்டுக்கும் மேல் படுத்த படுக்கை. எழுந்தபோது, பிரசவம் பார்க்கும் கை அவரிடம் இல்லை. கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களுக்குத் தோதாகக் கருவிகளை அமைத்துக்கொண்டு கத்தி பிடிக்கப் பழகினார். அந்த விரல்கள் தம் ஆயுளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் அறுவைகளைச் செய்தன.

இந்த வாழ்க்கைக் கதை தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆனால் அறுவை செய்யத் தெரிந்த கை கிடைப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி என்னவென்று புரிய அவருக்கும் அவரோடு இருந்தவர்களுக்கும் ஏறத்தாழ முப்பது ஆண்டு பிடித்தது. அந்த முப்பது ஆண்டைத்தான் இந்தப் பகுதியில் விரிவாகப் பார்க்கப்போகிறோம்.

1960களில் கண் முகாம் என்றால் அறுவையே ஊரில்தான். அரிசி ஆலை, சத்திரம், லீவு விட்ட பள்ளிக்கூடம் என்று கிடைத்த இடத்தைக் கழுவி, வெள்ளையடித்து, பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அறுவை மேசை ஆக்குவார்கள். முதல் வாரமே தண்டோரா போடப்படும். மைக் கட்டிய வண்டி சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் போகும். ஊர்ப் பெரியவர் ஒருவர் அரிசி பருப்புக்கு ஏற்பாடு செய்வார். இந்த முறை மதுரைக்கு மட்டும் உரியதல்ல. பஞ்சாபில் மோகா என்ற ஊரில் மத்ரா தாஸ் அதற்கும் முன்பே ஆயிரக்கணக்கானோருக்குக் கண் திறந்திருந்தார். கர்நாடகத்தின் எம். சி. மோடி ஊர் ஊராக முகாம் போட்டவர். 1968இல் திருப்பதியில் ஒரே நாளில் 833 புரை அறுவைகள் செய்தார் என்பது கின்னஸ் பதிவு. இன்று படிக்கும்போது மலைப்பாகவும் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. அன்று அதைவிட்டால் வேறு வழி இல்லை.

அன்றைய அறுவை எப்படிப்பட்டது என்பதைச் சொல்லாமல் மக்களின் தயக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது. கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை வயதாக ஆகத் தெளிவு குன்றி மங்குகிறது. அதுதான் புரை. சர்க்கரை நோய், புகைபிடித்தல், ஸ்டீராய்டு மருந்து, அடிபடுதல் போன்றவை அதை முன்கூட்டியே வரவழைக்கும். மங்கிய வில்லையை மறுபடி தெளிய வைக்கும் சொட்டு மருந்து எதுவும் அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. வில்லையை எடுத்தாக வேண்டும். கருவிழியின் மேல் விளிம்பில் ஏறக்குறைய பாதிச் சுற்றுக்கு வெட்டி, வில்லையை அதன் உறையோடு முழுதாக வெளியே எடுப்பார்கள். பெரிய வெட்டு என்பதால் காயம் கூடும்வரை அசையக்கூடாது. கண்ணைக் கட்டி மல்லாக்கப் படுக்க வைத்து, தலை திரும்பாமலிருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைப்பார்கள். இருமினால் ஆபத்து, முக்கினால் ஆபத்து. ஒரு வாரம்வரை அப்படி. கூட ஓர் ஆள் இருந்து சோறு ஊட்ட வேண்டும், ஒதுங்கக் கூட்டிப்போக வேண்டும்.

வில்லையை எடுத்த கண்ணுக்குப் பார்வை தருவது தடித்த கண்ணாடி. பத்து டயாப்டர் அளவுக்கு ஏற்றம். ஊரார் சோடாபுட்டிக் கண்ணாடி என்றார்கள். அதன் வழியே பார்த்தால் எல்லாம் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். படி இருக்கும் இடம் ஒன்று, தெரியும் இடம் இன்னொன்று. பக்கவாட்டில் ஒரு வளையம் அளவுக்கு எதுவுமே தெரியாது. அந்த மறைவிலிருந்து ஆளோ மாடோ திடீரென்று முன்னால் வந்து நிற்கும். கண்ணாடி கழன்று விழுந்து உடைந்தால், அறுவை செய்த கண்ணும் மறுபடி குருடுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு கண்ணில் மட்டும் புரை எடுத்துவிட்டு இந்தக் கண்ணாடியைப் போட்டால், ஒரு கண்ணில் பெரிய உருவம், மறு கண்ணில் சின்ன உருவம். மூளையால் இரண்டையும் இணைக்க முடியாது. அதனால் ஒரு கண்ணாவது ஓரளவு தெரியும்வரை பொறுத்திருக்கச் சொல்வதே மருத்துவர்களின் வழக்கம். வில்லை முழுதாகப் பழுத்துக் கெட்டிப்பட்டால் எடுப்பதும் எளிது. ‘புரை முத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று இன்றும் வீடுகளில் சொல்கிறார்களே, அது கிராமத்து மூடநம்பிக்கை என்று நினைத்துச் சிரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் சொன்னதுதான் அது. அன்றைய அறுவை முறைக்கு அதுவே சரியான அறிவுரை. தொழில்நுட்பம் மாறிப்போன செய்தி ஊருக்குள் வந்து சேராததால், அறுபதுகளின் அறிவுரை தொண்ணூறுகளிலும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது முத்தும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. காத்திருப்பதுதான் கேடு. முற்றிக் கனிந்த புரை வீங்கியோ கசிந்தோ கண்ணழுத்தத்தை ஏற்றிவிட்டால், மண்டை பிளக்கும் வலியோடு கண் சிவக்கும். நரம்பு கெட்டுவிட்டால் எந்த அறுவையாலும் பார்வையை மீட்க முடியாது. அப்படி வலி எடுத்த பிறகே புறப்பட்டு வந்தவர்களைக் கண் மருத்துவமனைகள் நாள்தோறும் பார்த்தன.

கதைக்கு வருவோம். 1965இல் நியூயார்க்கில் நடந்த ஒரு மாநாட்டில் வெங்கடசாமி சர் ஜான் வில்சனைச் சந்தித்தார். பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் நடந்த விபத்தில் 12 வயதிலேயே இரு கண்களையும் இழந்தவர் வில்சன். பார்வையற்றோருக்கான ராயல் காமன்வெல்த் சங்கத்தை நடத்தியவர். அந்த நட்பு மதுரை முகாம்களுக்குப் பணமும், டெல்லியில் பேசுவதற்குப் பலமும் தந்தது. பார்வையிழப்புத் தடுப்புக்கென்று நாடு தழுவிய திட்டம் வேண்டும் என்று இருவரும் பிரதமர் இந்திரா காந்தியிடம் எடுத்துச் சொன்னார்கள். 1976இல் தேசியப் பார்வையிழப்புக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. பின்னாளில் 1986 முதல் 1989 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், இந்தியரில் நூற்றுக்கு ஒன்றரைப் பேர் பார்வையற்றவர்கள் என்றும், அவர்களில் 80 சதவீதம் பேருக்குக் காரணம் புரை என்றும் தெரிந்தது. அதாவது, பார்வையற்ற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அறுவை செய்தால் பார்வை திரும்பிவிடும். போலியோபோல, அம்மைபோலத் தடுப்பூசிக்கு அலைய வேண்டியதில்லை. வைத்தியம் கையிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் அத்தனை பேர் இருட்டிலேயே கிடந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

அதே 1976இல் வெங்கடசாமி 58 வயதாகி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். மதுரை அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கியது. தங்கை நாச்சியார், அவர் கணவர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் என்று குடும்பமே அதில் இறங்கியது. வீட்டு நகைகள் அடகுக்குப் போயின. பணம் கட்ட முடிந்தவர்களிடம் வாங்கி, முடியாதவர்களுக்கு இலவசமாகப் பார்ப்பது என்பது ஏற்பாடு. அந்த மருத்துவமனை வளர்ந்த விதத்தை ஹார்வர்டில் பாடமாக வைத்திருக்கிறார்கள். எத்தனை மாடி, எத்தனை கிளை என்ற கணக்குகளை அங்கே விட்டுவிடலாம். எனக்குப் பெரிதாகப் படுவது அவர்கள் சந்தித்த ஒரு தோல்வி.

ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி கட்டிக்கொண்டு மருத்துவக் குழு ஊர்களுக்குப் போகும். அறுவையை முகாமிலேயே செய்யும் பழக்கத்தை அரவிந்த் மெல்ல மெல்லக் கைவிட்டிருந்தது. பள்ளிக்கூட வகுப்பறையை எவ்வளவு கழுவினாலும் அது அறுவை அரங்கு ஆகாது. இதை நாடே உணர்ந்தது 1986இல். உத்தரப்பிரதேசத்தில் குர்ஜா என்ற ஊரில் நடந்த முகாமில் புரை அறுவை செய்துகொண்டவர்களில் 84 பேரின் கண்கள் கிருமித் தொற்றால் மீட்க முடியாதபடி கெட்டுப்போயின. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. ஆக, ஊரில் பரிசோதனை, மதுரையில் அறுவை என்ற முறை சரியானதுதான். ‘உங்களுக்குப் புரை இருக்கிறது, மதுரைக்கு வாருங்கள், காசு எதுவும் வேண்டாம்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

வந்தவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர்கூட இல்லை.

அறுவை இலவசம். மருந்து இலவசம். செய்பவர் நாடறிந்த மருத்துவர். பார்வை திரும்புவது ஏறக்குறைய உறுதி. பிறகும் ஏன் வரவில்லை? இந்தக் கேள்விக்கு, நாட்டில் பலரும் அன்று ஒரே பதில் வைத்திருந்தார்கள்: படிப்பறிவு இல்லை, விழிப்புணர்வு போதாது, இன்னும் நிறைய நோட்டீஸ் அடிக்க வேண்டும். மதுரையில் இருந்தவர்கள் அந்தப் பதிலோடு நிற்காமல், வராதவர்களையே தேடிப்போய்க் கேட்டார்கள். சீட்டு வாங்கியும் வராத 65 பேரிடம் பேசினார்கள். சின்ன எண்ணிக்கைதான். ஆனால் அந்தப் பதில்களை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வீடு தெரிகிறது.

மங்கலாகவாவது தெரிகிறதே, போதும் என்றவர்கள் 26 சதவீதம். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் காசில்லை என்றவர்கள் 25 சதவீதம். குடும்பத்தை விட்டு வர முடியாது என்றவர்கள் 13. அறுவை என்றால் பயம் என்றவர்கள் 11. கூட வர ஆளில்லை என்றவர்கள் 10. வீட்டில் சம்மதிக்கவில்லை என்றவர்கள் 5. மற்றவர்களுக்கு வேறு வேறு காரணங்கள்.

பயம் நான்காவது இடத்தில்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். காசு, குடும்பப் பாரம், துணைக்கு ஆளில்லாமை மூன்றையும் கூட்டினால் ஏறக்குறைய பாதி. கூலி வேலைக்குப் போகும் மகனுக்கு அம்மாவை மதுரைக்குக் கூட்டிப் போவதென்றால் ஒரு வாரக் கூலி போச்சு. மருமகள் வயலுக்குப் போய்விட்டால் பேரப்பிள்ளையைப் பார்ப்பது அந்த அரைப் பார்வைக் கிழவிதான். அவள் ஒரு வாரம் இல்லையென்றால் மருமகளின் கூலியும் போச்சு. மருத்துவமனைக்கு இலவசம் என்பது அறுவையின் விலை. அந்த வீட்டுக்கு அறுவையின் விலை என்பது பஸ் காசு, இரண்டு பேர் சாப்பாடு, இரண்டு பேர் கூலி. இந்தக் கணக்கை நோட்டீஸ் அடித்து மாற்ற முடியாது.

முதல் காரணத்தையும் லேசாகத் தள்ளிவிடக்கூடாது. ‘இருக்கிற பார்வை போதும், இந்த வயசுல பார்த்து என்ன செய்யப்போறேன்’ என்பது கிழவர்களின் விரக்திப் பேச்சுபோலத் தோன்றும். ஒரு வாரம் மணல் மூட்டைக்கு நடுவே கிடந்து, கடைசியில் உடையக்கூடிய ஒரு கண்ணாடிதான் மிச்சம் என்பதை அக்கம்பக்கத்தில் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். அரைப் பார்வையோடு வீட்டுக்குள் தடவித் தடவி நடக்கப் பழகிவிட்டவருக்கு, இருப்பதையும் இழந்துவிடுவோமோ என்று தோன்றுவதில் நியாயம் இருக்கிறது.

அந்தப் பதில்களிலிருந்து மதுரைக்காரர்கள் செய்த முடிவு எளிமையானது. முகாமில் புரை என்று தெரிந்தால் அன்றைக்கே, அங்கேயே பஸ் நிற்கும். ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போய், அறுவை செய்து, சாப்பாடு போட்டு, அதே பஸ்ஸில் ஊரில் கொண்டுவந்து விடுவது. முகாமை எடுத்து நடத்தும் லயன்ஸ், ரோட்டரி சங்கங்களும், வங்கிகளும், ஆலைகளும், ஊர்ப் பெரியவர்களும் விளம்பரத்தோடு இந்தச் செலவுகளிலும் பங்கெடுத்துக்கொண்டார்கள். துணைக்கு ஆள் வேண்டும் என்ற சிக்கல் தானாகவே தீர்ந்தது. ஒரே ஊர்க்காரர்கள் முப்பது நாற்பது பேர் சேர்ந்து வரும்போது ஒருவருக்கொருவர் துணை. மருத்துவமனையில் தரையில் பாய் விரித்து ஊர்வாரியாக ஒன்றாகவே படுக்க வைத்தார்கள். பக்கத்துப் பாயில் படுத்திருப்பது தன் தெருக்காரி என்றால் கட்டுப் போட்ட கண்ணின் இருட்டு அவ்வளவு பயமுறுத்தாது. ஒருவருக்குக் கட்டு அவிழ்த்து, அவர் ‘தெரியுது தாயி’ என்று சொல்லிவிட்டால் வரிசையில் அடுத்திருப்பவர் நெஞ்சில் பாதிப் பயம் போய்விடும்.

வெள்ளமாக வந்தவர்களைச் சமாளிக்க அறுவை அரங்கையும் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். கண்ணைச் சுத்தம் செய்வது, மருந்து போடுவது, கருவி எடுத்துத் தருவது, கட்டுக் கட்டுவது எல்லாம் பயிற்சி பெற்ற இளம்பெண்களின் பொறுப்பு. பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்தார்கள். ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2,000 அறுவைகள் செய்ய முடிந்தது அவர்களால்தான். அரவிந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மருத்துவர்களின் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். பாயில் கிடந்த கிழவிக்கு ‘பாட்டி, பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்’ என்று அவள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னவர்கள் தேனிப் பக்கத்திலிருந்தும் விருதுநகர்ப் பக்கத்திலிருந்தும் வந்த இந்தப் பெண்கள். அந்தக் குரலுக்கும் அறுவையின் வெற்றியில் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

எந்த வழியில் சொன்னால் மக்கள் வருவார்கள் என்பதையும் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். தென் தமிழ்நாட்டில் 90 கிராமங்களை எடுத்துக்கொண்டு, எட்டு விதமான முயற்சிகளை ஊருக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்றின் முடிவுகள் 1991இல் வெளிவந்தன. சில ஊர்களில் அறுவை மட்டும் இலவசம். சில ஊர்களில் போக்குவரத்தும் சாப்பாடும் சேர்த்து இலவசம். சில ஊர்களில் வண்டியும் மைக்கும். சில ஊர்களில் ஆளே வீடு வீடாகப் போய்ப் பேசுவது. செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்ட ஊர்களில் சம்மதித்தவர்கள் அதிகம். பிரசாரங்களில் நன்றாகப் பலித்தது வீடு வீடாகப் போய்ப் பேசியது. அதிலும் பேசப் போனவர் ஏற்கெனவே புரை அறுவை செய்துகொண்டவராக இருந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் திண்ணையில் வந்து உட்கார்ந்து, வெற்றிலைச் செல்லத்தை எடுத்துத் தானே பாக்கு வெட்டுவதைப் பார்த்துவிட்டால் அதற்குமேல் எந்த மைக்கும் பேச வேண்டியதில்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: அறுவைக்குச் சம்மதித்தவர்களில் ஆண்கள் முந்தியிருந்தார்கள். புரை பெண்களை அதிகம் பாதிக்கிறது. அறுவை மேசைக்கு வந்து சேர்வதில் அவர்களே பின்தங்குகிறார்கள். இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல, பல நாடுகளிலும் இதே நிலைதான். அப்பாவுக்குக் கண் தெரியவில்லை என்றால் வீடு பதறுகிறது. அம்மாவுக்குத் தெரியவில்லை என்றால் அடுப்படியில் கைப்பழக்கத்தில் சமாளித்துவிடுகிறாள் என்று வீடு நிம்மதியாக இருந்துவிடுகிறது. 1980களின் தொடக்கத்தில் அரவிந்த் நோயாளிகளிடையே நடந்த ஓர் ஆய்வில், பார்வை போனதால் வேலையை இழந்த ஆண்களில் 85 சதவீதம் பேரும், பெண்களில் 58 சதவீதம் பேரும் அறுவைக்குப் பிறகு மறுபடி வேலைக்குப் போனார்கள் என்று தெரிந்தது. அறுவைக்கான செலவைப்போலப் பதினைந்து மடங்கை அவர்கள் முதல் ஆண்டிலேயே உழைத்துச் சம்பாதித்துவிட்டார்கள். ‘இந்த வயசுல எதுக்கு’ என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. சம்பாத்தியக் கணக்கில் வராத வேலையை, அதாவது பேரனைக் குளிப்பாட்டி, தண்ணீர் எடுத்து, அரிசியில் கல் பொறுக்கி வீட்டை ஓட்டும் பெண்ணின் வேலையை, அந்தக் கணக்கும் முழுதாகப் பிடித்திருக்காது.

பஸ் விட்டதோடு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. அரவிந்தின் புகழ் உலகெங்கும் பரவியிருந்த 1990களில், மதுரைச் சுற்றுவட்டாரத்திலேயே லண்டன் ஆய்வாளர்களும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். முகாமுக்கு வந்தவர்களை எண்ணுவதை விட்டுவிட்டு, முகாம் நடந்த ஊர்களில் வீடு வீடாகப் போய், கண்ணில் குறையுள்ளவர்கள் எத்தனை பேர், அவர்களில் முகாமுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தார்கள். 1999இல் முடிவு வெளியானது: போனவர்கள் 7 சதவீதத்துக்கும் குறைவு. முகாம் அன்று பள்ளிக்கூட வாசலில் நிற்கும் நீண்ட வரிசையைப் பார்த்து ஊரே வந்துவிட்டது என்று மகிழ்ந்தவர்களுக்கு அது பேரடி. வரிசையில் நின்றவர்களைவிடப் பல மடங்கு பேர் நாலு தெரு தள்ளி வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். போகாததற்குச் சொன்ன காரணங்களும் பழையவைதான்: பயம், காசு, குடும்பப் பொறுப்பு, இன்னும் அந்த அளவுக்கு மோசமாகவில்லை என்ற எண்ணம்.

இந்த எண்ணை மறைத்துவைக்காமல் வெளியிட்டதில் அரவிந்தைச் சேர்ந்தவர்களும் பங்காளிகள் என்பது எனக்கு மிகவும் மதிப்புக்குரிய செயலாகத் தெரிகிறது. வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருப்பது எளிது. வராதவர்களை எண்ணத் தனி நேர்மை வேண்டும். முகாம் என்பது வருடத்தில் ஒரு நாள் வந்து போவது, அந்த நாளில் காய்ச்சலாகக் கிடந்தவருக்கும் களைபறிக்கப் போனவருக்கும் அது இல்லை என்ற உண்மையை அந்த எண் உறைக்க வைத்தது. 2004 வாக்கில் தேனி வட்டாரத்து ஊர்களில் ‘பார்வை மையங்கள்’ என்ற பெயரில் சிறு நிலையங்கள் தோன்றின. கடைத்தெருவில் ஒரு கட்டடம், பயிற்சி பெற்ற ஊழியர்கள் இரண்டு மூன்று பேர், கண் பரிசோதனைக் கருவி, கணினி. ஊழியர் கண்ணைப் பார்த்துப் படம் எடுத்து அனுப்ப, மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் திரையிலேயே நோயாளியிடம் பேசுவார். அந்நாளில் கிராமங்களுக்கு நல்ல இணைய இணைப்பு கிடையாது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுந்தூர வைஃபை இணைப்பை அமைத்துக் கொடுத்தார்கள். தேங்காய் வாங்கச் சந்தைக்கு வரும் பெண் அப்படியே ஐந்து நிமிடம் கண்ணைக் காட்டிவிட்டுப் போகலாம். தனியாக ஒரு நாள் கூலி இழக்க வேண்டாம். இன்று அப்படிப்பட்ட மையங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன.

காலவரிசையில் கொஞ்சம் முன்னே ஓடிவிட்டேன். மறுபடி 1980களுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பஸ், சாப்பாடு, துணை எல்லாம் கொடுத்தும் தீராத குறை ஒன்று அந்த ஆண்டுகளில் அப்படியே இருந்தது: அந்தத் தடித்த கண்ணாடி. உடைந்த கண்ணாடியை மாற்றக் காசில்லாமல், அறுவை செய்தும் குருடராகவே உட்கார்ந்திருந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்களைப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் அது அறுவைக்கு எதிரான பிரசாரம்.

இதற்கு மாற்று உலகில் இருந்தது. 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்டு ரிட்லி, எடுத்த வில்லைக்குப் பதிலாகக் கண்ணுக்குள்ளேயே ஒரு செயற்கை வில்லையைப் பொருத்திக் காட்டியிருந்தார். எண்பதுகளில் பணக்கார நாடுகளில் அதுவே வழக்கமான அறுவை ஆகியிருந்தது. ஆனால் ஒரு வில்லையின் விலை 100 டாலருக்குக் குறையாது. மதுரைப் பாயில் படுத்திருப்பவருக்கு அதெல்லாம் எதற்கு, அதே காசில் இன்னும் பல பேருக்குப் பழைய முறையில் அறுவை செய்யலாமே, ஏழை நாட்டுக்குக் கண்ணாடியே போதும் என்று உலக அளவில் பெரிய நிபுணர்களே வாதிட்டார்கள். அந்த வாதத்துக்கு மதுரை இரண்டு விதத்தில் பதில் சொன்னது. ஒன்று, 1992இல் தொடங்கிய ஆரோலேப் என்ற தொழிற்கூடம். வில்லையைத் தானே செய்து, விலையைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கியது. இன்னொன்று, இரு கண்களிலும் புரையால் பார்வையிழந்த 3,400 பேரிடம் பழைய முறையையும் புதிய முறையையும் ஒப்பிட்டுப் பார்த்த மருத்துவ ஆய்வு. இரண்டையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)